பாதியில் காணாமல் போனவர்கள்

1869, செப்டம்பர் 6. திங்கட்கிழமை காலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிளைமவுத் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஏவன்டேல் கரிச்சுரங்கம். ஆட்கள் வழக்கம்போலக் கீழே இறங்கிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் காற்றோட்டம் வேண்டுமென்றால் அடியில் ஓர் உலையை மூட்டி வைப்பார்கள். சூடான காற்று மேலே ஏறும். அந்த இடத்துக்கு வேறு பக்கமிருந்து நல்ல காற்று உள்ளே வரும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏவன்டேலில் மேலே போகிற குழிப்பாதையின் சுவர் முழுக்க மரப்பலகை. குழியின் தலைமேல், கரியை உடைத்துப் பிரிக்கும் பெரிய மரக் கட்டடம். உலையிலிருந்து பறந்த பொறிதான் காரணம் என்று பிற்பாடு விசாரணையில் சொன்னார்கள். பலகை பற்றியது, பாதை எரிந்தது, மேலே இருந்த கட்டடமும் எரிந்து குழிக்குள்ளேயே விழுந்தது.

வெளியே வர வேறு வழி? கிடையாது. மொத்தச் சுரங்கத்துக்கும் அந்த ஒரே வாசல்தான்.

காப்பாற்றப் போன இருவரையும் சேர்த்து 110 பேர் செத்தார்கள். செத்தவர்களில் சிறுவர்களும் உண்டு.

நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது சுரங்க விபத்தைப் பற்றிய கட்டுரை இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு செல்போனில் 'டேட்டா சயின்ஸ்' பாடம் கேட்கிறாரே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அவரைப் பற்றியது. வேலையை விடாமல், ஊரை விடாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே அடுத்த வேலைக்குப் படிக்கிற இந்தப் பழக்கத்தின் தாய்வீடுகளில் ஒன்று பென்சில்வேனியாவின் அந்தக் கரிப் பிரதேசம்தான்.

எப்படி என்று பார்ப்போம்.

ஏவன்டேல் செய்தி அமெரிக்காவை உலுக்கியது. அடுத்த வருஷமே, சுரங்கத்துக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும், அரசாங்கம் இன்ஸ்பெக்டர் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதோடு நிற்கவில்லை. 1885-ல் இன்னொரு சட்டம். சுரங்கத்தில் ஃபோர்மேன் ஆக வேண்டுமா? பரீட்சை எழுதிப் பாஸாகு. காற்றோட்டம் எப்படி, தீப்பிடிக்கிற வாயுவை எப்படிக் கண்டுபிடிப்பது, கூரைக்கு எங்கே முட்டுக் கொடுப்பது, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

நியாயமான சட்டம். சிக்கல் என்னவென்றால், எழுத வேண்டியவர்கள் யார்? வேல்ஸிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். எட்டு வயசிலும் ஒன்பது வயசிலும் கரி பொறுக்க உட்கார்ந்தவர்கள். இருபது வருஷம் பூமிக்கு அடியில் இருந்த அனுபவம் உண்டு. கூரை எப்போது சரியும் என்று காதால் கேட்டே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்று கேட்டால்? பெருக்கல் தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு!

அந்தப் பகுதியில் தாமஸ் ஃபாஸ்டர் என்று ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். (நம்ம ஜாதி. அதனால் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.) ஷெனன்டோவா என்ற சுரங்க ஊரில் பத்திரிகை நடத்தியவர். சுரங்கப் பாதுகாப்பைப் பற்றி விடாமல் எழுதியவர். தன் பத்திரிகையில் கேள்வி-பதில் பகுதி ஒன்றை ஆரம்பித்தார். தொழிலாளிகள் கேள்வி எழுதிப் போடுவார்கள், பதில் அச்சில் வரும். கேள்விகள் குவிந்தன. பத்திரிகையில் இடம் போதவில்லை. அப்புறம் பத்திரிகை ஸ்க்ராண்டன் நகரத்துக்கு இடம் மாறியது. 1891-ல் ஃபாஸ்டர் துணிந்து ஒரு காரியம் செய்தார். பதில்களையெல்லாம் கோவையாக்கி, தபாலில் பாடம் அனுப்புகிற படிப்பாகவே மாற்றிவிட்டார்.

தபாலில் பாடம் என்பது அவர் கண்டுபிடிப்பு இல்லை. அதற்கு ஐம்பது வருஷம் முன்னால் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் செய்து காட்டிவிட்டார். ஆமாம், நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போர்டுகளில் 'சுருக்கெழுத்து' என்று போட்டிருக்குமே, அந்தச் சுருக்கெழுத்தின் பிட்மன்தான். 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு நாடு முழுக்கக் கடிதம் அனுப்பலாம் என்று வந்தது. அதற்கு முன்னால் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். பெரும்பாலும் கடிதத்தை வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும். பென்னித் தபால் வந்ததும் பிட்மன் பாத் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு தபாலிலேயே சுருக்கெழுத்துச் சொல்லிக் கொடுத்தார். மாணவர்கள் பைபிளிலிருந்து சில வரிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார்.

திருத்தி அனுப்புவார் என்ற இடத்தை மட்டும் மனசில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

ஃபாஸ்டரின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் வழக்கமாக, படிப்பவனுக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைத்து ஆரம்பிப்பார்கள். ஸ்க்ராண்டன் பாடம், படிப்பவனுக்கு எழுதப் படிக்கத் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டது. கூட்டல் கழித்தலில் ஆரம்பித்து, படிப்படியாகச் சுரங்கக் காற்றுக்கு வந்து சேரும். முழு நூலை ஒரேயடியாகத் தலையில் கட்டமாட்டார்கள். சின்னச் சின்னப் புத்தகங்களாக வரும். ஒன்றை முடித்து விடை எழுதி அனுப்ப வேண்டும். ஸ்க்ராண்டனில் ஒருவர் அதைத் திருத்தி அனுப்புவார். அப்புறம் அடுத்தது.

இன்றைக்கு ஆன்லைன் கம்பெனிகள் 'பாடத்தைச் சின்னத் துண்டுகளாக நறுக்கித் தருகிறோம்' என்று ஏதோ புதுசு போலப் பீற்றிக்கொள்கிறார்களே, அது இதுதான்.

சுரங்கத்துக்கு என்று ஆரம்பித்தது நீராவி எஞ்சின், மின்சாரம், ரயில்வே, கட்டட வரைபடம் என்று கிளை விட்டது. இன்டர்நேஷனல் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்ஸ் என்று பெயர் நிலைத்தது. கான்சாஸ் பக்கம் ரயில்வே பட்டறையில் மெக்கானிக்காக இருந்த ஓர் இளைஞர் மின்சாரம் படிக்க ஆசைப்பட்டு இதில் சேர்ந்தார். அவர் பெயர் வால்டர் கிரைஸ்லர். பிற்பாடு 1925-ல் அமெரிக்காவின் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றைத் தன் பெயரிலேயே ஆரம்பித்தவர். முதல் உலகப் போரின் புகழ்பெற்ற விமானி எடி ரிக்கன்பேக்கரும் இங்கே படித்தவர்தான்.

1906-க்குள் சேர்ந்தவர்கள் கணக்கு மொத்தம் 9 லட்சம். அப்போது உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலிலும் இந்தக் கூட்டம் நின்றதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய சாதனை. இப்போது அதன் மறுபக்கத்துக்கு வருகிறேன்.

அதே 1906-ல், அந்தப் பள்ளியின் பாடநூல் துறையைச் சேர்ந்த கிளார்க் என்பவரே ஓர் அறிவியல் இதழில் கணக்கை எழுதினார். சேர்ந்தவர்களில் ஆறு பேரில் ஒருவர்தான் பாடத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினார். கடைசிவரை போய் முடித்தவர்கள் நூற்றுக்கு 2.6 பேர்.

பாக்கி 97 பேர் எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை. பத்து மணி நேரம் கரி வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, விளக்கைத் தூண்டிவிட்டு, பின்னக் கணக்கைப் பார்த்தபடியே தூங்கிப் போனார்கள். 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்' என்றார்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. எல்லோரையும் தோற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஃபோர்மேன் பரீட்சைக்குக் காற்றோட்டப் பாடம் மட்டும் போதும் என்று அதை மட்டும் படித்து, பாஸாகி, சம்பளம் ஏறி, மீதியை மூட்டைகட்டி வைத்தவரும் கணக்கில் 'முடிக்காதவர்'தான். அவரைப் பொறுத்தவரை காரியம் ஆயிற்று. ஆனால் முதல் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாத ஐந்து பேரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது.

நான் பி.காம். எந்தக் கதையிலும் முதலில் வரவு செலவைத்தான் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. படிப்பை விற்க ஊர் ஊராக ஏஜென்ட்டுகள் போனார்கள். ஒரு கட்டத்தில் 1,200 பேர். சுரங்க வாசலிலும் பட்டறை வாசலிலும் நின்று, 'இப்படியே கரியில் சாகப் போகிறாயா, மேனேஜராகப் போகிறாயா' என்கிற பாணியில் பேச்சு. பணம் தவணை முறையில் கட்டலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். இது ஸ்க்ராண்டன் கணக்குப் புத்தகம் இல்லை, என் கணக்கு. கட்டணம் 100 ரூபாய். ஏஜென்ட் கமிஷன் 30. புத்தக அச்சு 10. அறுபது பாடம், ஒன்றைத் திருத்த ஒரு ரூபாய். மாணவர் அறுபதையும் எழுதி அனுப்பினால் செலவு 100. லாபம் பூஜ்யம். பத்துப் பாடத்தோடு ஆளைக் காணோம் என்றால் செலவு 50. லாபம் 50.

புரிகிறதா? வகுப்பறைப் பள்ளிக்கூடத்தில் பையன் நின்றுபோனால் பெஞ்சு காலி. தபால் பள்ளிக்கூடத்தில் பையன் நின்றுபோனால் கல்லா நிறையும். அந்தக் காலத்து அமெரிக்கத் தபால் பள்ளிக்கூடத் தொழிலில் இதற்கென்று ஒரு பேச்சுவழக்கே இருந்தது. பாதியில் நின்றவன் பணம்! இன்றைக்கு ஜனவரி மாதம் ஜிம்மில் ஒரு வருஷக் கட்டணம் கட்டிவிட்டு மார்ச்சில் நின்றுவிடுகிறோமே, அதே வியாபாரம்.

அதற்காக ஃபாஸ்டரை மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. பாடம் தரமான பாடம். திருத்தியவர்கள் நிஜமாகவே திருத்தினார்கள். ஆனால் மாணவன் மௌனமாகிவிட்டால், ஏன் மௌனமானான் என்று கவலைப்பட வேண்டிய கட்டாயம் அந்தக் கணக்கில் யாருக்கும் இல்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ முடித்ததும் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பில் போடுகிற வேலைக்குப் போனவன் நான். நானும் கூட வேலை பார்த்த இரண்டு பேரும் 'கரஸ்'ஸில் பி.காம். சேர்ந்தோம். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். பழுப்புக் காகிதத்தில் கட்டிய பாடக்கட்டு வரும். சில சமயம் பரீட்சை முடிந்த பிறகு வரும். வந்ததும் மோந்து பார்த்துவிட்டுப் பரணில் போடுவோம். முதல் வருஷக் கடைசியில் ஒருவன் நின்றான். இரண்டாம் வருஷம் இன்னொருவன்.

நான் மட்டும் எப்படி முடித்தேன்? அவர்களைவிட நான் கெட்டிக்காரன் எல்லாம் இல்லை. பேலன்ஸ் ஷீட்டை டேலி செய்வதில் அவர்கள் இரண்டு பேருமே என்னைவிட வேகம். ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்பு எடுக்க ஒரு வாத்தியார் வருவார். பக்கத்து ஊர்க் கல்லூரியில் வேலை. நான் எழுதி அனுப்பிய விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலில் எதையாவது குறித்து வைப்பார். இரண்டு மாதம் நான் ஒன்றும் அனுப்பவில்லை. ஒரு நாள் ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு போஸ்ட்கார்டு. 'கடைசி இரண்டு தாள் வரவில்லையே, உடம்பு சரியில்லையா?'

அவ்வளவுதான். வெட்கமாகப் போய்விட்டது. அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதினேன். மற்ற இரண்டு பேரும் வகுப்புக்கே வராதவர்கள் என்பதால் அவரிடம் அவர்கள் விலாசம் இல்லை.

சரி, பிரிட்டனுக்குப் போவோம். இந்த மௌனத்தை ஒரு பிரச்னையாக எடுத்துக்கொண்டு ஏற்பாடு செய்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

1963 செப்டம்பரில் கிளாஸ்கோவில் பேசும்போது, தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் 'ஆகாயப் பல்கலைக்கழகம்' என்று ஒரு யோசனையை எடுத்துவிட்டார். டி.வி., ரேடியோ, தபால் மூன்றையும் சேர்த்து, கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்குப் பட்டம். பத்திரிகைகள் சிரித்தன. ஆட்சிக்கு வந்ததும் வில்சன் அந்தப் பொறுப்பை ஜென்னி லீ என்ற பெண்மணியிடம் கொடுத்தார். யார் இந்த ஜென்னி லீ? ஸ்காட்லாந்தில் ஒரு கரிச்சுரங்கத் தொழிலாளியின் மகள்!

அந்த அம்மா பிடிவாதக்காரர். உழைப்பாளிகளுக்கு என்று சொல்லி இரண்டாம் தரப் படிப்பு கொடுப்பதாக இருந்தால் எனக்கு வேண்டாம் என்றார். ஆக்ஸ்போர்டு பட்டத்துக்குச் சமமாக நிற்க வேண்டும், நுழைவுத் தகுதி மட்டும் எதுவும் கேட்கக்கூடாது. 1969-ல் அரச சாசனம் கிடைத்தது. அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. புது நிதியமைச்சர் இயன் மக்ளியட், இந்தத் திட்டத்தைச் சுத்தப் பிதற்றல் என்று முன்பே திட்டியவர். போச்சு, இழுத்து மூடிவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பதவிக்கு வந்த ஒரே மாதத்தில் அவர் இறந்துபோனார். திட்டத்தை விட்டுவைத்தவர் அப்போது கல்வியமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர். சரித்திரத்துக்கு இப்படி ஒரு குசும்பு உண்டு.

1971 ஜனவரியில் ஓபன் யுனிவர்சிட்டி 24 ஆயிரம் மாணவர்களோடு தொடங்கியது. பி.பி.சி.யில் அதிகாலையிலும் நள்ளிரவிலும் தாடிவைத்த பேராசிரியர்கள் வந்து கணிதம் சொன்னதுதான் ஊருக்குத் தெரிந்தது. பிரிட்டிஷ்காரர்கள் இன்றைக்கும் அந்தத் தாடிகளையும் அகல டைகளையும் கேலி செய்கிறார்கள்.

ஆனால் விஷயம் டி.வி.யில் இல்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டியூட்டர் உண்டு. பகுதிநேர வேலைக்காரர். மாணவர் எழுதி அனுப்பியதைத் திருத்தி, வெறும் மார்க் போடாமல், எங்கே தடுமாறினார் என்று எழுத வேண்டும். டியூட்டர் எழுதியது லட்சணமாக இருக்கிறதா என்று அவருக்கு மேலே ஒருவர் எடுத்துப் பார்ப்பார். வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட்டுவிட்டு வந்து ஒரு வாரம் தங்கிப் படிக்கக் கோடைப் பள்ளி இருந்தது. ஸ்க்ராண்டனில் தற்செயலாக இருந்தால் இருக்கலாம் என்றிருந்த ஒன்றை, சம்பளம் கொடுத்து வேலையாகவே ஆக்கிவிட்டார்கள்.

இங்கேயும் பாதியில் நிற்கிறவர்கள் நிறைய. ஆனால் முதல் வருஷம் பரீட்சை வரைக்கும் வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜென்னி லீ மனசில் இருந்தது சுரங்கத் தொழிலாளி. முதல் ஆண்டு வந்து குவிந்தவர்களில் பெரிய கூட்டம் பள்ளிக்கூட ஆசிரியர்கள்! ஏற்கெனவே படித்தவன்தான் மேலும் படிக்க முதல் ஆளாக ஓடிவருகிறான். இந்த வியாதிக்கு யாரும் மருந்து கண்டுபிடித்தபாடில்லை.

இந்தியாவில் 1962-ல் டெல்லி பல்கலைக்கழகம் தபால்வழிப் படிப்பை ஆரம்பித்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் 1971-ல் மதுரை, பிறகு அண்ணாமலை, சென்னை. 1985-ல் நாடு முழுமைக்கும் இக்னோ. பஸ் கண்டக்டர், கான்ஸ்டபிள், மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை, கல்யாணமானதும் படிப்பை விட்ட பெண்கள் என்று லட்சக்கணக்கானவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து கிடைத்தது இதனால்தான். அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்குப் பேச்சு வேண்டாம்.

இப்போது இன்டர்நெட்.

2011 இலையுதிர்காலம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரூனும், கூகுளில் இருந்த பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இன்டர்நெட்டில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 190 நாடுகளிலிருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் சேர்ந்தார்கள். ஃபாஸ்டர் இருந்திருந்தால் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். அதுவே பெரிய எண்ணிக்கை என்பது வேறு விஷயம். த்ரூன் வேலையை விட்டுவிட்டு யுடாசிட்டி என்ற கம்பெனி ஆரம்பித்தார். கோர்செரா வந்தது, எட்எக்ஸ் வந்தது. ஐம்பது வருஷத்தில் உலகத்தில் பத்தே பத்து உயர்கல்வி நிறுவனங்கள்தான் மிஞ்சும் என்று த்ரூன் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் 2012-ஐ இந்த ஆன்லைன் வகுப்புகளின் ஆண்டு என்றே கொண்டாடின.

2013-ல் காட்சி மாறியது. ஜனவரியில் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகமும் யுடாசிட்டியும் சேர்ந்து, 150 டாலருக்கு ஆரம்பக் கணிதமும் புள்ளியியலும் நடத்தின. சேர்ந்தவர்களில் வகுப்பறைக் கணக்கில் ஏற்கெனவே தோற்றவர்கள் இருந்தார்கள், ஏழைப் பகுதிப் பள்ளி மாணவர்கள் இருந்தார்கள். சிலருக்கு வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை என்பது வகுப்பு ஆரம்பித்த பிறகுதான் தெரியவந்தது! தேறியவர்கள் விகிதம், நேரில் படித்தவர்களைவிட ரொம்பக் கீழே. ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். கோடையில் நடந்த அடுத்த சுற்றில் ரிசல்ட் நன்றாக இருந்தது. காரணம் என்னவென்று பார்த்தால், அந்தச் சுற்றில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பட்டதாரிகள்.

டிசம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம், கோர்செராவில் தான் நடத்திய 16 பாடங்களின் பத்து லட்சம் பயனாளர்களை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டது. சேர்ந்தவர்களில் பாதிப் பேர்தான் ஒரு வீடியோவையாவது திறந்து பார்த்தவர்கள். முடித்தவர்கள் சராசரியாக நூற்றுக்கு 4.

கிளார்க்கின் கணக்கு 1906-ல் 2.6. நூற்றுச் சொச்ச வருஷத்தில் தபால் வண்டி போய் டெலிபோன் வந்து, டி.வி. வந்து, சாட்டிலைட் வந்து, இன்டர்நெட் வந்து, கூடுதலாகக் கிடைத்தது ஒன்றரைப் பேர்கூட இல்லை. அதுவும் அதே பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து!

த்ரூனே ஒரு பேட்டியில், எங்கள் சரக்கு மட்டமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டலாம். அதன் பிறகு யுடாசிட்டி ஏழை மாணவனை விட்டுவிட்டுக் கம்பெனி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பக்கம் திரும்பியது. 2024-ல் அதை அக்சென்ச்சர் வாங்குவதாக அறிவித்தது.

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது மறுபடியும் அந்தக் கணக்குதான். ஸ்க்ராண்டனில் மாணவன் நின்றால் லாபம். இலவச ஆன்லைன் வகுப்பில் மாணவன் நின்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரே வீடியோவைப் பத்துப் பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் கூடுதல் செலவு அநேகமாகக் கிடையாது. அவன் இருப்பதே தெரியாதபோது இல்லாததும் தெரியாது. த்ரூனின் லட்சத்து அறுபதாயிரம் பேருக்குப் போஸ்ட்கார்டு எழுத வேண்டுமானால் எத்தனை வாத்தியார் வேண்டும்?

இதற்கும் ஒருவிதமாகப் பதில் சொன்னவர்கள் ஜார்ஜியா டெக்காரர்கள். 2014 ஜனவரியில் ஆன்லைனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதுகலைப் பட்டம் தொடங்கினார்கள். ஆரம்பித்து வைக்க ஏ.டி.அண்ட்.டி. டெலிபோன் கம்பெனி இருபது லட்சம் டாலர் கொடுத்தது. அந்தக் கம்பெனிக்கும் தேவை இருந்தது. கம்பி இழுத்துக்கொண்டிருந்த ஆட்களை சாஃப்ட்வேர் பக்கம் திருப்பியாக வேண்டும். மொத்தப் படிப்புக்கும் ஏழாயிரம் டாலருக்குள் கட்டணம். இலவசம் இல்லை, ஆனால் நேரில் போய்ப் படிப்பதில் ஒரு சின்னப் பங்கு. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முப்பதைத் தாண்டிய, வேலையில் இருக்கிறவர்கள். பாடத்துக்குப் பாடம் திருத்தவும் பதில் சொல்லவும் டீச்சிங் அசிஸ்டென்ட்டுகள் என்று ஒரு படையே உண்டு. அதில் பலர் அதே படிப்பை முடித்த பழைய மாணவர்கள். சும்மா செய்கிறவர்கள் இல்லை, சம்பளத்துக்குச் செய்கிறவர்கள். இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டம் வாங்கிவிட்டார்கள்.

அங்கேயே ஒரு வேடிக்கை. 2016-ல் அசோக் கோயல் என்ற பேராசிரியர், மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லும் உதவியாளர்களில் ஒருவராக 'ஜில் வாட்சன்' என்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை நுழைத்துவிட்டார். அது மனுஷி இல்லை என்று பெரும்பாலான மாணவர்கள் கண்டுபிடிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியாகப் பதில் சொன்னது. கேட்காமல் போனவனை அது தேடிப் போகவில்லை.

நம்ம ஊர்ப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.ஸியும் சேர்ந்து 2003-லேயே என்.பி.டி.இ.எல். திட்டத்தில் பாடங்களைப் படம்பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாடம் கேட்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, நேரில் மையத்துக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பிலும் பாடம் ஆன்லைனில், பரீட்சை நேரில். பேனா பிடித்து ஒரு ஹாலில் உட்காரவேண்டிய தேதி ஒன்று காலண்டரில் இருந்தால், அதற்கு முந்தின ராத்திரியாவது புத்தகம் திறக்கும். ஃபாஸ்டர் காலத்தில் அந்த வேலையை அரசாங்கத்தின் ஃபோர்மேன் பரீட்சை செய்தது.

என்னோடு 'கரஸ்'ஸில் சேர்ந்து இரண்டாம் வருஷம் நின்றவன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். தலை பாதி நரைத்துவிட்டது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு பழைய கணக்குப்பிள்ளை வேலை செல்லாது என்று தெரிந்து, போன வருஷம் ஓர் ஆன்லைன் கோர்ஸில் பணம் கட்டினான். மொத்தம் 24 பாடம். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு செல்போன் மணியடித்து 'இன்றைய பாடம் காத்திருக்கிறது' என்று சொல்லுமாம். நாலே நாளில் அந்த மணியை அணைத்துவிட்டான். ஏழாவது பாடத்தில் மூன்று மாதமாக நின்றது.

அந்த வாத்தியாரின் போஸ்ட்கார்டு ஞாபகத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போன் பண்ண ஆரம்பித்தேன். எனக்கு ஜி.எஸ்.டி. தெரியாது. 'எத்தனையாவது பாடம்?' என்று மட்டும் கேட்பேன். திட்டுவான். ஆனாலும் எட்டு, ஒன்பது என்று ஏறி, தீபாவளிக்குள் பதினான்கைத் தாண்டிவிட்டான்.

போன ஞாயிறு போனை எடுக்கவில்லை. காலையில் அவன் கம்பெனி நம்பருக்கு அடித்துப் பார்க்க வேண்டும்.